மாடு மேய்க்கத்தான் லாயக்கு!

'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு!'

இந்தத் திட்டை ஒரு முறையாவது வாங்காத தமிழர் யாராவது இருக்கிறீர்களா? எனக்கு ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் உபயம். பிராக்கெட்டை எடுத்தால் உள்ளே இருக்கிற மைனஸ் எப்படி ப்ளஸ்ஸாகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. உங்களுக்கு அப்பா சொல்லியிருக்கலாம், டியூஷன் மாஸ்டர் சொல்லியிருக்கலாம். நாமும் நம் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் மாட்டைப் பார்த்ததே பால் பாக்கெட் படத்தில்தான் என்பது வேறு விஷயம்.

யோசித்துப் பார்த்தால் அந்தத் திட்டுக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது. எதுவுமே உருப்படாமல் போனாலும் ஓட்டிக்கொண்டு போக ஒரு மாடும், அது மேய ஒரு நிலமும் மிச்சமிருக்கும் என்கிற ஆறுதல். அந்த ஆறுதலும் கைவிட்டுப் போன ஓர் ஊரைப் பற்றித்தான் இந்த வாரம்.

ஊர் பெயர் தேர்வாய் கண்டிகை. திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி தாலுகா. நீங்கள் சென்னைவாசி என்றால் உங்களுக்கும் இந்த ஊருக்கும் ஏற்கெனவே சம்பந்தம் உண்டு. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாம் ஒப்பிக்கும் பட்டியலில் ஐந்தாவதாகச் சேர்ந்த நீர்த்தேக்கம் இங்கேதான் இருக்கிறது. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை என்று இரண்டு ஊர் ஏரிகளை ஒன்றாக்கி, 380 கோடி ரூபாய் செலவில் கட்டி, 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள். அரை டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும். ஆக, உங்கள் வீட்டுக் குழாயில் இந்த ஊரும் கொஞ்சம் வருகிறது.

தண்ணீருக்கு முன்பே இந்த ஊர் இன்னொன்றைக் கொடுத்திருந்தது. கொடுத்தது என்று சொல்வது சரியா என்று தெரியவில்லை; 'எடுத்துக்கொண்டார்கள்' என்றுதான் அந்த ஊர்க்காரர்களில் பலர் சொல்வார்கள். 2000-களின் பிற்பகுதியில் ஊரை ஒட்டி சுமார் 1,127 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. அதில் பிரெஞ்சு டயர் கம்பெனியான மிஷெலின், 2009-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டு, 4,000 கோடி ரூபாய் முதலீடு என்று அறிவித்து, தொழிற்சாலை கட்டியது. அந்த இடம் அதுவரை ஊர் ஜனங்கள் மாடு மேய்த்த, சுள்ளி பொறுக்கிய காடும் புறம்போக்கும். ஊரில் பெரும்பாலானவர்கள் தலித் மக்கள். போராட்டம் நடந்தது, கைது நடந்தது, வழக்கு நடந்தது. 2012-ல் பிரான்ஸ் அரசு அமைப்பு ஒன்றின் முன்னால் புகாராகவே போய் நின்றது. தேர்வாய் கண்டிகையின் மாடுகள் பாரீஸில் விவாதிக்கப்பட்டன என்று சொன்னால் நம்புவீர்களா? நடந்தது.

இந்த இடத்தில் 'தொழிற்சாலையே வேண்டாம்' என்று முடிப்பது எனக்குச் சுலபம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நான் அந்த ஊருக்குப் போனதே நான்கு டயர் வண்டியில்தான். அதனால் அந்த வேஷம் எனக்குப் பொருந்தாது. என் கேள்வி வேறு.

பட்டா நிலத்தை அரசாங்கம் எடுத்தால் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு, மரத்துக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. புறம்போக்கை எடுத்தால்? அது அரசாங்க நிலம். யார் பெயரிலும் பட்டா இல்லை. காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. எல்லாருக்கும் சொந்தமாக இருந்த ஒரு பொருள் போகும்போது, அது யாருக்குமே சொந்தமில்லாதது என்று ஆகிவிடுகிறது. விசித்திரமான கணக்கு, இல்லையா? என் ஏழாம் வகுப்பு பிராக்கெட் கணக்கு மாதிரியே.

அந்தப் பக்கம் சாலை ஓரத்தில் இரண்டு மாடுகளைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"முன்னெல்லாம் காலைல அவுத்து வுட்டா சாய்ந்திரம் அதுவா வூட்டுக்கு வந்துரும் சார். இப்ப கட்டிப் போட்டு வைக்கோலு வெலைக்கி வாங்கிப் போடறோம்."

பேரனைப் பற்றிக் கேட்டேன். "பத்தாவது கோட்டு அடிச்சிட்டான். கான்ட்ராக்டுல மூட்டை தூக்கறான். உள்ள மிஷின் வேலைக்குப் போவணும்னா ஐ.டி.ஐ. கேக்கறாங்க, டிப்ளமா கேக்கறாங்க. கம்ப்யூட்டர் தெரியுமான்றாங்க." கொஞ்ச நேரம் மாட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "காட்டுல மாட்டை ஓட்டிம்போவ எவனும் சர்டிபிகேட் கேக்கல சார்."

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பிரயோஜனமில்லை. எந்தக் கம்பெனியும் அப்படித்தான் கேட்கும், கேட்கத்தான் வேண்டும். பத்தாவது தேறாத பையனைக் கோடி ரூபாய் மிஷின் முன்னால் நிறுத்தச் சொல்லி யாரும் வற்புறுத்த முடியாது.

ஆனால் அந்த அம்மா சொன்ன வார்த்தை திரும்பி வரும் வழியெல்லாம் கூடவே வந்தது. மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு குணம் இருந்தது. அது யாரையும் தகுதி பார்த்து உள்ளே விடவில்லை. நிலம் இல்லாதவர், படிக்காதவர், விதவை, கிழவர் யார் வந்தாலும் புல் ஒன்றுதான். அந்த நிலத்தை எடுத்துவிட்டு நாம் என்ன சொன்னோம்? 'கவலைப்படாதீங்க. உங்க பசங்களுக்கு டிரெயினிங் தர்றோம், டெக்னாலஜி கத்துத் தர்றோம், வேலைக்குப் போவாங்க.' நல்ல பேச்சுதான். ஆனால் அந்த டிரெயினிங் என்பது தானமா, பாக்கியா?

தானம் என்றால் கொடுப்பவர் இஷ்டம். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதை அவர்தான் முடிவு பண்ணுவார். பாக்கி என்றால் அப்படி முடியாது. யாரிடம் வாங்கினோமோ அவர்கள் எல்லாருக்கும் திருப்பித் தர வேண்டும். எல்லாரும் மேய்த்த நிலத்துக்கு ஈடாக வருகிற படிப்பு, எல்லாரும் வந்து உட்காரக்கூடிய படிப்பாக இருந்தால்தான் கணக்கு நேராகும். நன்றாகப் படிக்கிற பத்துப் பேருக்கு மட்டும் கிடைத்தால் அது பரிசு. பரிசு கொடுத்துக் கடனை அடைக்க முடியுமா?

சரி, யார் கொடுப்பது? மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதலாவது, கம்பெனி. 2013-ன் கம்பெனிகள் சட்டம் வந்த பிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கிற நிறுவனங்கள் மூன்று வருட சராசரி லாபத்தில் இரண்டு சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் கம்பெனி பயிற்சி கொடுத்தால், தனக்கு உபயோகப்படுகிற ஆளுக்குக் கொடுக்கும். அது தப்பில்லை, அதன் சுபாவம்.

இரண்டாவது, மாநில அரசு. இலவச லேப்டாப் திட்டத்தை ஜெயலலிதா 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். 2022 மார்ச் 1-ல் ஸ்டாலின் 'நான் முதல்வன்' தொடங்கினார். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குப் பிரயோஜனப்பட்ட திட்டங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் லேப்டாப் வாங்க பத்தாவதைத் தாண்டி வந்திருக்க வேண்டும். பத்தாவதிலேயே நின்றவனுக்கு அந்த வரிசையில் இடமில்லை. படிப்பை விட்டவர்களுக்கும் அரசுப் பயிற்சிகள் உண்டு. மத்திய அரசின் கிராமத்து இளைஞர் திட்டம் 2014-லிருந்து இருக்கிறது, 15-லிருந்து 35 வயது வரை சேரலாம். ஆனால் அவை பேட்ச் பேட்ச்சாக நடப்பவை. பேட்ச் முடிந்ததும் பேனரைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். நாம் யாரும் அவரைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பஞ்சாயத்து!

சிரிக்காதீர்கள். 1992-ல் நிறைவேறி 1993-ல் அமலுக்கு வந்த 73-வது அரசியல் சாசனத் திருத்தம், பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கலாம் என்று 29 விஷயங்களைப் பட்டியல் போட்டது. அதில் 18-வது என்ன தெரியுமா? தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும். தெருவிளக்கு மாற்றுவது, குழாய் ரிப்பேர் பார்ப்பது மட்டும்தான் பஞ்சாயத்து வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, ஊர்ப் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் கற்றுத் தருவதும் அதன் வேலைதான் என்று சாசனமே எழுதி வைத்திருக்கிறது.

பணம்? அதற்கும் வழி இருந்தது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. மீதி 40 சதவிகிதத்தை, அந்த 29 விஷயங்களில் ஊருக்கு எது தேவையோ அதற்குச் செலவழிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் கூடாது. அதாவது கம்ப்யூட்டர் வாங்கலாம், மேஜை வாங்கலாம், ரூமுக்கு வெள்ளையடிக்கலாம். உட்கார்ந்து சொல்லித் தருகிறவருக்கு மாதச் சம்பளம் வேண்டுமென்றால் வேறு பணம் தேட வேண்டும்.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். 2006 முதல் 2011 வரை நடந்த 'அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்ட'த்தில் ஊர் ஊராக நூலகம் கட்டினார்கள். அருமையான யோசனை. அப்படிக் கட்டிய ஒரு நூலகத்தை ஒரு கிராமத்தில் பார்க்கப் போனேன். ஊர் பெயர் வேண்டாம். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பெயர் சொன்னார்கள். திண்ணையில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கிய நாம், தினமும் வந்து கதவைத் திறக்கிற ஒரு ஆளுக்குக் கணக்குப் பண்ணவில்லை. நான் படித்த காலத்தில் ஒரு பள்ளியில் வந்து இறங்கிய முதல் கம்ப்யூட்டருக்கு உறை போட்டு, பூட்டி, ஆயுத பூஜை அன்று மட்டும் திறந்து பொட்டு வைத்த கதையும் எனக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத மிஷினைக் கும்பிடத்தான் முடியும்.

இங்கேதான் தொழில் வரி ஞாபகத்துக்கு வருகிறது. உங்கள் சம்பளச் சீட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிடிப்பார்களே, அதுதான். வருடத்துக்கு ஆளுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்பது சாசனம் போட்ட வரம்பு. பல மாநிலங்களில் இதை மாநில அரசே எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்குப் போகிறது. தொழிற்சாலை நிறைய இருக்கிற பஞ்சாயத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. அந்த நிலத்தில் நின்று சம்பாதிக்கிறவர்கள் அந்த ஊருக்குக் கட்டுகிற பணம். அதில் ஒரு பங்கை, கதவு திறக்கிற ஆளுக்கும் சொல்லித் தருகிற ஆளுக்கும் ஒதுக்கினால் அதைவிடப் பொருத்தமான செலவு இருக்குமா?

உங்கள் மறுப்புகள் எனக்குக் கேட்கின்றன.

'முதலில் சாக்கடை கட்டட்டும், அப்புறம் கம்ப்யூட்டர்.' நியாயம். அதற்காகத்தான் 60 சதவிகிதத்தைத் தனியாகக் கட்டிப்போட்டார்கள். மிச்சப் பணத்தில் ரோடா, பாடமா என்று கிராம சபையில் சண்டை வரட்டும். ஆனால் அந்தச் சண்டையில் ரோடு கேட்பவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார். பத்தாவதில் நின்ற பையன் ஷிஃப்டுக்குப் போயிருப்பான். அவனுக்காக யாராவது ஒருத்தர் எழுந்து நிற்க வேண்டும்.

'ஊர்ப் பணத்தில் கற்றுக்கொண்டு ஊரை விட்டு ஓடிப் போவான், ஊருக்கு என்ன லாபம்?' இதுதான் கஷ்டமான கேள்வி. நானும் யோசித்தேன். ஊர்க் காட்டில் மேய்ந்து கொழுத்த கன்றைச் சந்தையில் கொண்டுபோய் விற்றவர்கள் உண்டு. தின்ற புல்லுக்குப் பங்கு கொடு என்று அவர்களிடம் ஊர் கேட்டதில்லை. பொதுவில் வளர்ந்தது எங்கே போனாலும் அந்த வீட்டில் அடுப்பு எரியும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. மாட்டுக்குக் கொடுத்த அந்தச் சுதந்திரத்தைப் பையனுக்கும் பெண்ணுக்கும் கொடுக்கலாம்.

'பஞ்சாயத்தை நம்பவே முடியாது சார்.' சில இடங்களில் நிஜம். கம்ப்யூட்டர் சென்டரை எந்தத் தெருவில் வைப்பது என்பதிலேயே ஜாதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே சமயம், இதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான் குத்தம்பாக்கமும் இருக்கிறது. விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996-ல் பஞ்சாயத்துத் தலைவரான தலித் இளைஞர் இளங்கோ, ஊர்ப் பணத்தையும் ஊர் ஆட்களையும் வைத்தே எவ்வளவு செய்ய முடியும் என்று காட்டினார். கம்பெனி முதலாளியை நீங்கள் வருடத்துக்கு ஆறு முறை மரத்தடியில் நிற்க வைத்துக் கணக்குக் கேட்க முடியாது. பஞ்சாயத்துத் தலைவரைக் கிராம சபையில் கேட்கலாம். தலைவர் என்று ஒருவர் இருந்தால்! 2016 அக்டோபர் தொடங்கி 2019 முடிகிற வரைக்கும் தமிழ்நாட்டு கிராமங்களில் தேர்ந்தெடுத்த தலைவர்களே இல்லை. பிறகு தேர்தல் நடந்து வந்தவர்களில் பெரும்பாலானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது, மறுபடியும் தனி அலுவலர்கள் கையில் சாவி போனது. நூலகச் சாவி மாதிரியே.

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' பக்கத்து வீட்டில் நடந்தது. கேரளத்தில், 2002-ல் மலப்புரம் மாவட்டத்தில், வீட்டுக்கு ஒருவருக்காவது கம்ப்யூட்டர் பழக்கிவிடுவது என்று 'அக்ஷயா' திட்டம் தொடங்கினார்கள். ஒரு ஆளுக்குப் பயிற்சிக் கட்டணம் 140 ரூபாய். கற்றுக்கொள்கிறவர் 20 ரூபாய் கொடுத்தார். மீதி 120 ரூபாயை உள்ளாட்சிகள் போட்டன. மார்க் ஷீட் கேட்கவில்லை. பீடி சுற்றும் பாட்டி வந்தாலும் உட்கார வைத்து மவுஸைக் கையில் கொடுத்தார்கள். 2004-ல் இந்தியாவிலேயே முதல் கணினி எழுத்தறிவு மாவட்டம் என்று பெயர் வாங்கியது, கேரளத்தில் பின்தங்கிய மாவட்டம் என்று சொல்லப்பட்ட மலப்புரம். அதோடு எல்லாருக்கும் வேலை கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஊர்ப் பணத்தில் ஊர் முழுக்கப் படிக்கலாம் என்பது மட்டும் நிரூபணமானது.

கேரளம் வரைக்கும்கூடப் போக வேண்டாம். உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒன்று அதில் சேர்ந்திருக்கும். 1948-ல், சுதந்திரம் வந்த மறு வருடமே, இந்தியாவில் வேறு எந்த மாகாணமும் இதைச் செய்யாத நேரத்தில் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. எஸ்.ஆர்.ரங்கநாதன் வருடக்கணக்கில் அலைந்து திரிந்து பெற்றது. வீடு வைத்திருப்பவர் கட்டுகிற வரியில், வீடே இல்லாதவர் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போகலாம். வாசலில் யாரும் 'எத்தனாவது படிச்சிருக்கே?' என்று கேட்பதில்லை. புத்தகத்துக்குத் தனி வரி போட்டு ஒரு பொதுநிலத்தை உண்டாக்கத் தெரிந்த நமக்கு, கம்ப்யூட்டருக்கும் வெல்டிங்குக்கும் எலெக்ட்ரானிக்ஸுக்கும் அதே மாதிரி ஒன்றை உண்டாக்கத் தெரியாதா?

தேர்வாய் கண்டிகையில் ஒரு அறை. பஞ்சாயத்து நடத்துவது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்காக ராத்திரி பத்து மணி வரை திறந்திருப்பது. பத்து கம்ப்யூட்டர், சம்பளம் வாங்குகிற ஒரு வாத்தியார். பத்தாவது தேறாதவன் வரலாம், கல்யாணமாகிப் படிப்பை விட்ட பெண் வரலாம், மாட்டைக் கட்டிப் போட்டுவிட்டு அந்த அம்மாவும் வரலாம். 1,127 ஏக்கருக்கு இது ஈடாகாது. எதுவும் ஈடாகாது. ஆனால் வாங்கியதற்கு வட்டியாவது கட்டுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

இதில் உங்கள் வேலை என்ன என்று கேட்கிறீர்களா? பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை உங்கள் ஏரியா கவுன்சிலரையோ பஞ்சாயத்துத் தலைவரையோ பார்க்கும்போது, ரோட்டைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்: 'தொழில் வரியில எவ்வளவு நம்ம பசங்க படிப்புக்குப் போகுது?' பெரும்பாலும் அவர் முழிப்பார். பரவாயில்லை, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது விசாரித்துக்கொண்டு வருவார்.

அப்புறம், வீட்டில் பையன் மார்க் குறைவாக வாங்கி வந்தால் அந்தப் பழைய திட்டை மட்டும் திட்டாதீர்கள். மாடு மேய்ப்பதற்கு ஒரு காடு வேண்டும். நாம் அதில் பாதியைத் தண்ணீராகக் குடித்தும், டயராக ஓட்டியும் தீர்த்துவிட்டோம்.